ஒரு மொழி, இரு சந்தை: சென்னை மேற்குப் புறநகரிலிருந்து இலங்கைக்கு இணையவழி விற்பனை

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் இயங்கும் இணையக் கடை தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் ஒருசேரப் பொருள் விற்கும்போது, பொதுவான மொழி இரு சந்தைகளின் வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. சொல், முகவரி, பணம், சுங்கம் ஆகிய நான்கு நிலைகளில் அவ்வேறுபாடு செயற்படும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இணைய வணிகம், இலங்கைத் தமிழ், அஞ்சல் ஏற்றுமதி, சுங்க வரி, நாணய மாற்று.

முன்னுரை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவை தொழிற்கூடங்களும் சரக்குக் கிடங்குகளும் செறிந்த பகுதிகள். ஆயத்த ஆடை, எழுதுபொருள், அச்சுப்பொருள் போன்றவற்றை விற்கும் சிறு வணிகர் இங்கிருந்தே இணையக் கடை நடத்த இயலும். தமிழில் கடை அமைப்போர்க்கு இலங்கை இயல்பான அடுத்த சந்தையாகத் தோன்றும். ஆயினும் மொழி ஒன்றாயிருப்பதாலேயே, உள்நாட்டுக்கென வடிவமைத்த கடையை மாற்றமின்றித் திறந்துவிடும் பிழை நேர்கிறது. அதன் இழப்பைச் சிறு வணிகரும் வாங்குவோருமே சுமக்கின்றனர்.

சொல் நிலை

தமிழ்நாட்டில் ‘சோப்பு’ எனத் தேடப்படுவது இலங்கையில் ‘சவர்க்காரம்’. ‘நோட்டு’ எனப்படுவது ‘கொப்பி’. ‘சைக்கிள்’ என்பது ‘துவிச்சக்கரவண்டி’. ஆங்கில ஒலியைத் தமிழில் எழுதும் மரபும் வேறுபடுகிறது. இங்கு ‘டிவி’ என எழுதப்படுவது அங்கு ‘ரீவி’ என எழுதப்படுவதுண்டு. கடையின் தேடுபொறி ஒரு வழக்கை மட்டும் அறிந்திருந்தால், கிடங்கில் உள்ள பொருளும் ‘இல்லை’ என்றே காட்டப்படும். எனவே ஒவ்வொரு பொருளுக்கும் இருநாட்டு வழக்குச் சொற்களையும் எழுத்து வேறுபாடுகளையும் இணைத்துப் பதிவது இன்றியமையாதது. பற்றுச்சீட்டு, திணைக்களம், பெறுமதி சேர் வரி முதலிய நிருவாகச் சொற்களுக்கும் இது பொருந்தும்.

முகவரி நிலை

இந்திய அஞ்சல் குறியீட்டெண் 1972 முதல் ஆறு இலக்கம் கொண்டது. அம்பத்தூர் 600053, ஆவடி 600054, பூந்தமல்லி 600056 என அமையும். இலங்கைக் குறியீடு ஐந்து இலக்கமே: யாழ்ப்பாணம் 40000, மட்டக்களப்பு 30000. ஆறு இலக்கத்தைக் கட்டாயமாக்கும் படிவத்தில் யாழ்ப்பாணத்து வாடிக்கையாளர் மேலும் ஒரு சுழியம் சேர்த்தால், அவ்வெண் மும்பைக்குரிய 400 வரிசைக்குள் விழுகிறது. தொலைபேசி எண்ணில் பிழை இன்னும் நுட்பமானது. முன்நிற்கும் சுழியத்தோடு எழுதினால் இலங்கைக் கைப்பேசி எண்ணும் பத்து இலக்கமே. ஆதலால் படிவம் அதை ஏற்றுக்கொள்ளும். ஆனால் 94க்கு மாறாக 91 என்னும் நாட்டுக் குறியீட்டைச் சேர்த்துவிடும். பொதி வந்த செய்தி உரியவரைச் சென்றடையாது.

பண நிலை

இரு நாணயங்களுக்கும் பெயர் ‘ரூபாய்’. இந்திய ரூபாய் ஒன்று இலங்கை ரூபாய் மூன்றுக்கும் மேற்பட்ட மதிப்புடையது. ஆகவே ‘500 ரூபாய்’ என்று மட்டும் குறிப்பது விலையைக் கூறாமல் விடுவதற்கு ஒப்பாகும். 2022 மார்ச்சில், ஒரு டாலருக்கு 200 என்ற அளவில் இருந்த இலங்கை நாணயம் சில வாரங்களிலேயே 300ஐக் கடந்தது. நாணயப் பெயரை முழுமையாக எழுதுவதும், ஆணை உறுதியாகும் நாளின் மாற்று விகிதத்தை நிலைப்படுத்துவதும் இதனால் தேவையாகின்றன.

2024 பிப்ரவரி 12 அன்று இலங்கையில் யு.பி.ஐ. தொடங்கப்பட்டது. இந்தியப் பயணியர் அங்குள்ள கடைகளில் பணம் செலுத்துவதற்கான வசதி அது. இலங்கை வாடிக்கையாளர் அம்பத்தூர்க் கடைக்குப் பணம் அனுப்பும் வழியாக அதனைக் கொள்ளலாகாது. பன்னாட்டு அட்டைகளை ஏற்கும் முறையான கட்டண வாயிலும், அயல்நாட்டு வரவை ஏற்கும் வங்கிக் கணக்கும் வேண்டும்.

சுங்க நிலை

ஆவடிக்கு அனுப்பும் பொதி உள்நாட்டு விற்பனை. யாழ்ப்பாணத்துக்கு அனுப்பும் பொதி ஏற்றுமதி. பின்னதற்கு ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டெண் வேண்டும். சரக்கு மற்றும் சேவை வரியில் ஏற்றுமதி சுழிய விகிதத்துக்குரியது. உறுதிப் பத்திரம் அளித்தோர் வரி செலுத்தாமலே அனுப்பலாம். வரி செலுத்தி அனுப்புவோர் பின்னர்த் திரும்பப் பெறலாம். அஞ்சல்வழி ஏற்றுமதிக்கான அறிவிப்பை மின்னணு முறையில் அளிக்கும் விதிகள் 2022இல் வந்தன. அதே ஆண்டில் தொடங்கிய ‘டாக் கர் நிர்யாத் கேந்திரா’ என்னும் அஞ்சலக ஏற்றுமதி மையங்கள் சிறு வணிகர்க்கு இப்பணியில் உதவுகின்றன.

இறங்கும் நாட்டின் வரி வேறு. இலங்கையில் பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி 1 முதல் 18 விழுக்காடு. பொருளின் தன்மைக்கேற்பச் சுங்கத் தீர்வைகளும் சேரலாம். 1998இல் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கைத் தடையிலா வணிக ஒப்பந்தம் அனைத்துப் பொதிகளுக்கும் தாமாக விலக்களிப்பதில்லை. சலுகைப் பட்டியலில் பொருள் இடம்பெற்றிருப்பதோடு, அதன் தோற்ற நாட்டுச் சான்றும் தேவை.

பொதி வந்தபின் எதிர்பாராத வரியைக் கேட்டால், வாங்கியவர் அதனை ஏற்க மறுக்கக்கூடும். அப்போது அனுப்பிய செலவும் திரும்பும் செலவும் விற்பவர்மேல் விழும். திரும்பிய பொருள் முன்னர் ஏற்றுமதியானதே என்று இந்தியச் சுங்கத்துக்குக் காட்டவும் ஆவணம் வேண்டும். ஆகவே வரியைச் செலுத்துபவர் யார் என்பதைப் பணம் பெறுமுன்பே கூறுவது கடையின் கடமை.

முடிவுரை

மேற்கண்ட நான்கு நிலைகளும் ஒரே முடிவுக்கு இட்டுச் செல்கின்றன. இருநாட்டுக் கடை வாடிக்கையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது அவர் நாட்டை. தேடல், முகவரிப் படிவம், விலை, வரி அறிவிப்பு ஆகிய அனைத்தும் அவ்விடையைப் பின்பற்றி அமைய வேண்டும். இதில் தமிழாய்வுக்கும் பணி உண்டு. வட்டார வழக்கு ஆய்வுகள் அன்றாடப் பொருட்பெயர்களுக்கும் வணிக நிருவாகச் சொற்களுக்கும் இருநாட்டு இணைச்சொல் அட்டவணைகளை உருவாக்கித் தருமாயின், அவை அகராதியியலுக்கு மட்டுமன்றி, அம்பத்தூரில் பொதி கட்டுவோர்க்கும் யாழ்ப்பாணத்தில் அதற்காகக் காத்திருப்போர்க்கும் பயன்படும்.