பிள்ளைகளின் பெயரில் ஓர் ஒயினரி... ஏற்காட்டுத் தோட்டங்களுக்கு நாசிக் குடும்பம் சொல்லும் பாடம்!

ஏற்காடு ஏரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு பொட்டலம் மிளகும் அரைக் கிலோ காபித்தூளும் வாங்கிக்கொண்டு மலை இறங்குவது சேலம் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பழகிப்போன ஒன்று. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன் காலத்தில் சேர்வராயன் மலையில் காலூன்றியது காபி. கூடவே பழ மரங்களும் வந்தன. ஆரஞ்சு, பலா, பேரி என்று இன்றும் இந்த மலையில் பழங்களுக்குக் குறைவில்லை.

பழத்தை விளைவித்து, நொதிக்க வைத்து, தன் குடும்பப் பெயரில் விற்பது காபித் தோட்டக்காரர்களுக்குப் புதிதல்ல. காபிப் பழத்தின் தோலை உரித்த பிறகு, கொட்டையில் ஒட்டியிருக்கும் வழவழப்பு நீங்க அதை நொதிக்க வைத்துத்தான் கழுவுகிறார்கள். ஒயின் தயாரிப்பின் அடிப்படையும் நொதித்தல்தான். அப்படியானால் ஏற்காட்டில் ஏன் குடும்ப ஒயினரிகள் வளரவில்லை? இந்தக் கேள்விக்கு விடை தேட, நாசிக்கில் ஒரு குடும்பம் கடந்து வந்த பாதையைப் பார்க்க வேண்டும்.

மூன்று பிள்ளைகள்... ஒரு பெயர்!

மகாராஷ்டிர மாநிலம் நாசிக் நகருக்கு வெளியே, கங்காப்பூர் அணையின் நீர்ப்பரப்பைப் பார்த்தபடி இருக்கிறது ‘யார்க்’ ஒயினரி. பெயரைக் கேட்டதும் இங்கிலாந்து நகரம் நினைவுக்கு வரலாம். உண்மையில் அது ஓர் அப்பா தன் பிள்ளைகளின் பெயர்களைச் சேர்த்து வைத்தது. யோகிதா, ரவி, கைலாஷ் என்ற மூன்று பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளில் இருந்து உருவானதுதான் யார்க். தொடங்கியவர் லீலோ குர்னானி.

பிள்ளைகளில் ரவி வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டார். கைலாஷ் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் ஒயின் தயாரிப்பு படித்துவிட்டு வந்து, குடும்பத்தின் ஒயின் மேக்கர் ஆனார். ஒருவர் கையில் கணக்கு, இன்னொருவர் கையில் டேங்க். சிறிய ஒயினரிக்கு இந்த வேலைப் பிரிவினை பெரிய பலம்.

தப்பு செய்தால் ஒரு வருஷம் போச்சு!

ஒயின் மேக்கரின் வேலை தோட்டத்திலேயே தொடங்கிவிடுகிறது. நாசிக்கில் ஒயின் திராட்சைக் கொடியை ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள். கோடையில் செய்யும் கவாத்து கொடியை வளர்ப்பதற்கு. மழைக்காலம் முடிந்து செய்யும் கவாத்துதான் காய்ப்புக்கு. ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை.

பழத்தின் சர்க்கரையும் புளிப்பும் சரியான அளவில் இருக்கும் நாளைப் பிடிக்க வேண்டும். இரண்டு நாள் தள்ளினால் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். பறித்த பிறகு ஈஸ்ட் வேலையைத் தொடங்குகிறது. அது பழச்சாற்றில் உள்ள சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும். சிவப்பு ஒயின் என்றால் தோலோடு நொதிக்கும். நிறம் தோலில் இருந்துதான் வருகிறது. வெள்ளை ஒயின் என்றால் முதலிலேயே சாற்றைப் பிழிந்து, குளிரூட்டிய டேங்கில் மெதுவாக நொதிக்க விடுவார்கள். ஒரு பாட்டிலுக்கு ஒரு கிலோவுக்கு மேல் திராட்சை தேவை.

சமையலில் உப்பு கூடினால் அடுத்த வேளையே சரி செய்துகொள்ளலாம். ஒயினில் ஒரு தவறைத் திருத்த அடுத்த அறுவடை வரை காத்திருக்க வேண்டும். 20 வருடம் இந்தத் தொழிலில் இருப்பவருக்கும் கிடைப்பது 20 வாய்ப்புகள்தான்!

பணம் பீப்பாயில் தூங்கும்

கொடி நட்டதும் பலன் வராது. நல்ல மகசூலுக்குச் சில ஆண்டுகள் ஆகும். நல்ல சிவப்பு ஒயினை மரப் பீப்பாயில் மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். அதுவரை கூலி, மின்சாரம், வட்டி எல்லாம் கையை விட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

இதில் அரசுக் கொள்கை கைகொடுத்தது. 2001-ல் மகாராஷ்டிர அரசு, திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கெனத் தனிக் கொள்கை கொண்டுவந்து வரிச் சலுகைகள் அளித்தது. தோட்டத்துக்கு வரும் பயணிகள் ஒயினை ருசித்து, அங்கேயே வாங்கிச் செல்லவும் முடிந்தது. விளம்பரத்துக்குக் காசு இல்லாத சிறு ஒயினரிகளுக்கு அந்த டேஸ்டிங் ரூம்தான் கடை.

அப்படியும் பாதை சுலபமாக இல்லை. 2008-09 பொருளாதார மந்தத்தில் ஒயின் விற்பனை சரிந்து, நாசிக்கின் பல சிறு ஒயினரிகள் தள்ளாடின. யார்க் தாக்குப்பிடித்து நல்ல பெயரும் எடுத்தது. ஆனால், 2021-ல் அந்த ஒயினரியைப் பெரிய நிறுவனமான சூலா வாங்கியது. குடும்பம் வைத்த பெயர் இன்றும் பாட்டிலில் இருக்கிறது, உரிமை கைமாறிவிட்டது.

ஏற்காட்டில் என்ன தடை?

முதல் தடை மழை. நாசிக்கில் பழம் முற்றும் மாதங்கள் வறண்டவை. சுமார் 5,000 அடி உயர ஏற்காட்டிலோ இரண்டு பருவமழையும் உண்டு, மூடுபனியும் உண்டு. ஈரம் நின்றால் திராட்சையை அடிச்சாம்பல் நோய் தாக்கும். தமிழ்நாட்டின் திராட்சை பூமி மலைக்குக் கீழே, கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிறது. அங்கு விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இரண்டாவது தடை சட்டம். சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் வந்ததே சேலம் மாவட்டத்தில்தான். 1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி அதைத் தொடங்கிவைத்தார். குடியால் சிதைந்த குடும்பங்களைக் காப்பதே அதன் நோக்கம். அந்தக் கவலைக்கு இன்றும் காரணம் இருக்கிறது. இப்போது மதுவிலக்கு இல்லை என்றாலும், 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் வசம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். நாசிக் போலத் தோட்டத்து வாசலிலேயே கடை விரித்து வளர்வது இங்கு எளிதல்ல.

எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன?

குர்னானி குடும்பத்தின் கதையில் ஒயினைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தாலும் பாடம் இருக்கிறது. விளைபொருளை மூட்டையாக விற்காமல் தன் பெயரில் விற்றார்கள். பிள்ளைகளில் ஒருவர் அந்தத் தொழிலையே முறையாகப் படித்தார். வந்தவர்களை வாசலில் நிறுத்தாமல் தோட்டத்துக்குள் அழைத்தார்கள். இந்த மூன்றையும் சேர்வராயன் மலையின் சிறு காபித் தோட்டங்கள் இன்றே செய்யலாம். உரிமமும் பீப்பாயும் தேவையில்லை.

அடுத்த முறை ஏற்காடு போனால், வாங்கும் காபித்தூள் பொட்டலத்தில் எந்தத் தோட்டத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். இல்லையென்றால், கடைக்காரரிடம் கேளுங்கள்!

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு.)