வண்டி சில வேளை மட்டும் இழுக்க மறுப்பது ஏன்?

சங்கத்துச் சரக்கு வண்டி நின்றுவிட்டால் அதன் காரணத்தைக் காண்பது எளிது. சில வேளை இழுத்துச் சில வேளை இழுக்க மறுக்கும் வண்டியோ உரிமையாளரையும் பழுதுபார்ப்பவரையும் ஒருங்கே குழப்பிவிடும். நெசவாளரின் ஜமக்காளக் கட்டுகளும், விவசாயிகளின் மஞ்சள் மூட்டைகளும் தேங்காய்களும் இன்று பெரும்பாலும் பிக்கப் வண்டிகளிலேயே சந்தைக்குச் செல்கின்றன. ஆதலின் இதனை அங்கத்தினர் அனைவரும் ஓரளவு அறிந்திருத்தல் நலம்.

எமது சங்கத்து வண்டியின் அனுபவத்தை இங்கே கூறுகிறோம். ஈரோட்டுச் சந்தைக்குப் பாரத்துடன் செல்லும் வழியில், ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் எஞ்சின் வேகம் எடுப்பதில்லை என்று ஓட்டுநர் முறையிட்டார். வண்டியை நிறுத்தி, சாவியைத் திருப்பி மீண்டும் கிளப்பினால் சரியாகிவிடும் என்றார். பழுதுபார்க்கும் நிலையத்தில் விட்டபோது அது குற்றமின்றி ஓடியது. ஒரு முறை டீசல் வடிகட்டியை மாற்றினோம். மறுமுறை பெடலையே மாற்றினோம். குறை தீரவில்லை. நேரங் கழித்து வருவதற்கு ஓட்டுநர் சொல்லும் சாக்கு இது என்ற பேச்சு நிர்வாகக் குழுவில் எழுந்தது. சரக்குத் தாமதமானதற்காக அவருடைய சம்பளத்தில் பிடித்தம் செய்யவும் தீர்மானம் வந்தது.

முதற்கண் பெடலின் வேலை யாது என்று பார்ப்போம். 1920ஆம் ஆண்டில் ஜி. டி. நாயுடு அவர்கள் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கிய நாளில், ஓட்டுநரின் விசைக்கும் எஞ்சினுக்கும் இடையே இரும்புத் தண்டோ கம்பியோதான் இருந்தது. கம்பி அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். இப்பொழுதுள்ள வண்டிகளில் அக்கம்பி இல்லை. பெடலில் அமைந்த சென்சார், அது எவ்வளவு மிதிக்கப்பட்டது என்பதை மின்னழுத்தமாக மாற்றி ஈ.சி.எம். என்னும் கணினிக்கு அனுப்புகிறது. டீசல் வண்டியாயின் எவ்வளவு எண்ணெய் செலுத்துவது என்றும், பெட்ரோல் வண்டியாயின் காற்று வழியை எவ்வளவு திறப்பது என்றும் கணினியே முடிவு செய்கிறது.

ஒரு சென்சாரை மட்டும் நம்புதல் ஆபத்தாகையால் பெடலில் இரண்டு வைக்கப்பட்டுள்ளன. பல வண்டிகளில் இரண்டும் 5 வோல்ட் மின்சாரம் பெறுகின்றன. ஒன்றின் அளவு மற்றதைப் போல் இருமடங்காக ஏறும். இரண்டும் முரண்பட்டால் கணினி எதனையும் நம்பாது. வேகத்தைக் குறைத்து, முகப்பில் எச்சரிக்கை விளக்கை ஏற்றிவிடும். இது எஞ்சின் கெட்டதன் அடையாளமன்று, காப்பு ஏற்பாடேயாகும்.

குறையின் இடத்தை அதன் குணத்தைக் கொண்டே பெரும்பாலும் ஊகிக்கலாம். பெடல் திடீரென உயிரற்றதாகி, சாவியைத் திருப்பியதும் மீளுமாயின் மின்சார வழியைச் சந்தேகிக்க வேண்டும். சமதரையில் நன்றாக ஓடி, மேட்டிலும் பாரத்திலும் மட்டும் தளருமாயின் எண்ணெய் வழியைப் பார்க்க வேண்டும். கிணற்று மோட்டாரின் உறிஞ்சு குழாயில் காற்றுப் புகுந்தால் தண்ணீர் விட்டுவிட்டு வருவதை நம் விவசாயிகள் அறிவர். டீசல் குழாயில் காற்றுப் புகுவதும், வடிகட்டியில் நீர் தங்குவதும் அத்தகையனவே. கரும்புகையும் சீழ்க்கை ஒலியும் சேர்ந்து வந்தால் டர்போவின் ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கக்கூடும். பஞ்சும் தூசியும் மிக்க நம் ஊர்களில் காற்று வடிகட்டி அடைபடுவதும் உண்டு. ஆனால் அது விட்டுவிட்டு வராது. நாள்தோறும் சிறிது சிறிதாக மிகும்.

சோதனையைச் செலவில்லாத இடத்திலிருந்து தொடங்குதல் வேண்டும்.

முதலாவது, ஓட்டுநர் ஒரு குறிப்பேடு வைக்கட்டும். எந்த இடம், எவ்வளவு பாரம், மழையா வெயிலா, எஞ்சின் சூடேறியிருந்ததா, விளக்கு எரிந்ததா என்பனவற்றை அன்றன்றே எழுதுக.

இரண்டாவது, பிரேக் விளக்கைப் பார்க்க. பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் ஒருங்கே மிதிபட்டதாகச் செய்தி வந்தால் பல வண்டிகள் வேகத்தைக் குறைத்துவிடும். காலை எடுத்த பின்னும் அவ்விளக்கு எரியுமாயின் அதன் சுவிட்சே குற்றவாளியாகலாம்.

மூன்றாவது, பேட்டரி முனைகளையும், எஞ்சினிலிருந்து சட்டத்துக்குச் செல்லும் எர்த் கம்பியையும் துலக்கி இறுக்குக.

நான்காவது, ஸ்டீயரிங்குக்குக் கீழுள்ள 16 முள் துளையில் ஸ்கேனரைப் பொருத்திக் குறியீட்டைப் படிக்கச் சொல்லுக. பி 2138 எனில் இரு பெடல் சென்சார்களும் முரண்பட்டன. பி 0087 எனில் எண்ணெய் அழுத்தம் குறைந்தது. பி 0299 எனில் டர்போவின் காற்றழுத்தம் குறைந்தது. குறியீடு எந்தப் பகுதியில் தேடுவது என்று காட்டுமேயன்றி, எந்தச் சாமானை வாங்குவது என்று கூறாது. அதனை எழுதி வைக்காமல் அழிக்க விடலாகாது.

ஐந்தாவது, பெடலை மெல்ல அழுத்திக்கொண்டே இரு சென்சார்களின் அளவையும் பார்க்க. தாவலின்றி ஏற வேண்டும். ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டிருக்கையில் மற்றவர் கம்பிக் கட்டை இடந்தோறும் அசைத்துப் பார்க்க வேண்டும்.

மிகச் சிறிய குறையும் இத்தகைய தொல்லை தரும் என்பதற்கு ஒரு சான்றுண்டு. அமெரிக்காவில் டொயோட்டா கார்கள் தாமே விரைவதாக 2009, 2010ஆம் ஆண்டுகளில் முறையீடுகள் மிகுந்தன. அரசாங்கம் நாசா பொறிஞர்களைக் கொண்டு ஆராய்ந்து 2011 பிப்ரவரியில் அறிக்கை வெளியிட்டது. அபாயகரமான வேகத்துக்கு மின்னணுக் கோளாறு காரணம் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆயினும் சீராக ஓடாமல் துள்ளிய வண்டியொன்றின் பெடலினுள், மயிரிழையினும் மெல்லிய வெள்ளீய இழை வளர்ந்து இரு சென்சார் இணைப்புகளைத் தொடுத்திருந்தது காணப்பட்டது.

எமது வண்டியிலும் ஐந்தாவது சோதனையே உண்மையை வெளியிட்டது. பெடலின் கம்பி தரைத் தகட்டின் விளிம்பில் உராய்ந்து, மேலுறை அறாமலே உள்ளே செம்பு இழைகள் அற்றிருந்தன. பாரமேறிக் குலுங்கும்போது அவை பிரிந்தன. நிலையத்தில் நின்றபோது சேர்ந்தன. புதுக் கம்பித் துண்டு ஒன்றும் உறையும் போதுமானவையாயின. ஓட்டுநரின் குறிப்பேட்டை அப்போது மீண்டும் படித்தோம். குறை கண்ட இடங்களெல்லாம் குண்டும் குழியுமான சாலைகளே! அவர் முதல் நாளிலிருந்து உண்மையையே கூறியிருக்கிறார். சம்பளப் பிடித்தத் தீர்மானம் அடுத்த கூட்டத்தில் நீக்கப்பட்டது. எமது வருத்தமும் நடவடிக்கைப் புத்தகத்தில் பதிவாயிற்று.

இக்குறையுடன் மலையேறுதல் தகாது. 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் சாலையிலோ, 40 வளைவுகள் கொண்ட வால்பாறைச் சாலையிலோ பாரத்துடன் வேகம் இழந்தால் பின்வருவோர்க்கும் அபாயம். அவ்வாறு நேரின் எச்சரிக்கை விளக்குகளைப் போட்டு ஓரங்கட்டி, கைப்பிரேக் இட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்த பின்னரே சாவியைத் தொடுதல் வேண்டும்.

பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி அந்த இழையைத் தேடிப் பிணைக்கிறாரேயன்றிப் பாவையே மாற்றுவதில்லை. சங்கத்து வண்டிக்கும் அம்முறையே பொருந்தும். எந்தச் சோதனையில் எந்தச் சாமான் தவறியது என்று எழுத்தில் பெறாமல் புதுச் சாமானுக்குப் பணம் ஒப்பளிப்பதில்லை என நிர்வாகக் குழுக்கள் விதி செய்துகொள்வது நன்று. செலவாவது அங்கத்தினர் பணம். ஐயத்துக்கு உள்ளாவதோ ஓர் ஊழியரின் நாணயம்.