அமெரிக்கா கேட்டும் துருக்கி மறுப்பது ஏன்?

2003 மார்ச் 1. இராக் மீது படையெடுக்க அமெரிக்கா நாள் பார்த்துக்கொண்டிருந்தது. தெற்கே குவைத்திலிருந்து ஒரு படை, வடக்கே துருக்கியிலிருந்து இன்னொரு படை என்பது திட்டம். அதற்காக 62,000 அமெரிக்க வீரர்களைத் தன் மண்ணில் அனுமதிக்கலாமா என்று அங்காராவில் துருக்கி நாடாளுமன்றம் ரகசியக் கூட்டம் நடத்தி வாக்கெடுத்தது. ஆதரவு 264, எதிர்ப்பு 250, நடுநிலை 19. தீர்மானம் நிறைவேறிவிட்டது என்றே முதலில் செய்தி பரவியது. ஆனால், அவைக்கு வந்திருந்த 533 பேரில் பாதிக்கு மேற்பட்டோர், அதாவது 267 பேர் ஆதரித்திருக்க வேண்டும் என்பது துருக்கி அரசமைப்புச் சட்டத்தின் விதி. மூன்று வாக்குகள் குறைந்தன; தீர்மானம் தோற்றது. தளவாடங்களோடு துருக்கிக் கடலோரத்தில் காத்திருந்த அமெரிக்கக் கப்பல்கள் சூயஸ் கால்வாய் வழியாகக் குவைத்துக்குப் போக வேண்டியதாயிற்று.

துருக்கி 1952 முதல் நேட்டோ ராணுவக் கூட்டமைப்பின் உறுப்பினர். அந்தக் கூட்டமைப்பில் அமெரிக்காவுக்கு அடுத்த பெரிய ராணுவம் அதனுடையது. அனுமதி தந்தால் பல நூறு கோடி டாலர் உதவி வரும் என்ற பேச்சும் இருந்தது. அப்படியும் ஏன் மறுத்தது?

அச்சம் மாறியது

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் துருக்கியின் கிழக்கு மாகாணங்களில் சிலவற்றையும், கருங்கடலுக்கான நீரிணைகளில் பங்கையும் ஸ்டாலினின் சோவியத் ஒன்றியம் கேட்டது. அந்த அச்சம்தான் துருக்கியை அமெரிக்காவின் பக்கம் தள்ளியது. 1950-ல் கொரியப் போருக்குப் படை அனுப்பி, நேட்டோவில் இடம் பிடித்தது.

1991-ல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. பொது எதிரி போனதும் ஆளுக்கொரு கவலை முன்னுக்கு வந்தது. அமெரிக்காவின் கவலை இராக் அதிபர் சதாம் உசேன். துருக்கியின் கவலை, 1984 முதல் ஆயுதம் ஏந்திப் போராடிய குர்து அமைப்பான பிகேகே. அந்த மோதலில் 40,000 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். 1991 வளைகுடாப் போரில் அமெரிக்காவோடு நின்ற துருக்கி, இராக்கின் எண்ணெய்க் குழாயை மூடி வருமானத்தை இழந்தது. எல்லையில் லட்சக்கணக்கான குர்து அகதிகள் வந்து குவிந்தனர். வடக்கு இராக்கில் குர்துகளின் தன்னாட்சியும் வேரூன்றியது; அது தன் நாட்டுக் குர்துகளையும் தூண்டும் என்று துருக்கி அஞ்சியது. போர் முடிந்ததும் அமெரிக்கப் படை ஊர் திரும்பிவிடும். துருக்கி அந்த எல்லையிலேயே இருந்தாக வேண்டும். 2003-ல் உறுப்பினர்கள் பலரின் மனதில் இருந்த கணக்கு இதுதான்.

பழைய காயங்கள்

1962-ல் கியூபா ஏவுகணை நெருக்கடியைத் தீர்க்க, துருக்கியில் நிறுத்தியிருந்த ஜூபிடர் ஏவுகணைகளை விலக்கிக்கொள்வதாக அமெரிக்கா மாஸ்கோவுக்கு ரகசியமாக வாக்குக் கொடுத்தது. அந்தப் பேரம் துருக்கிக்குத் தெரியாது. 1964-ல் கிரேக்கரும் துருக்கியரும் மோதிக்கொண்ட சைப்ரஸ் தீவில் தலையிடத் துருக்கி தயாரானபோது, அதிபர் ஜான்சன் பிரதமர் இஸ்மத் இனோனுவுக்குக் கடுமையான கடிதம் எழுதினார். அமெரிக்கா தந்த ஆயுதங்களை அதற்குப் பயன்படுத்தக் கூடாது; சோவியத் ஒன்றியம் தாக்கினால் நேட்டோ உதவிக்கு வரும் என்று எதிர்பார்க்க முடியாது என்பது அதன் சாரம். கடிதம் வெளியானபோது துருக்கி கொதித்தது.

1974-ல் துருக்கி சைப்ரஸுக்குள் படையை இறக்கியது. அடுத்த ஆண்டே அமெரிக்கக் காங்கிரஸ் ஆயுதத் தடை விதித்தது. அதே 1975-ல்தான் அசெல்சான் என்ற உள்நாட்டு ராணுவ மின்னணு நிறுவனத்தைத் துருக்கி தொடங்கியது. பின்னாளில் உக்ரைன் போரில் பேசப்பட்ட பைரக்தார் டிரோன்கள் உருவானதும், ஆயுதத்துக்கு அயலாரை நம்பக் கூடாது என்ற அதே எண்ணத்திலிருந்துதான்.

சிரியாவும் எஸ்-400-உம்

2014-ல் ஐஎஸ் அமைப்பை ஒடுக்க, சிரியாவின் குர்துப் படையான ஒய்பிஜியோடு அமெரிக்கா கைகோத்தது. பிகேகேயைப் பயங்கரவாத அமைப்பு என்று அறிவித்த நாடுகளில் அமெரிக்காவும் ஒன்று. ஒய்பிஜி அந்தப் பிகேகேயின் கிளைதான் என்பது துருக்கியின் வாதம். 2016 ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சிக்குக் காரணமானவர் என்று துருக்கி குற்றம்சாட்டிய மதபோதகர் பெதுல்லா குலன் அமெரிக்காவில் வசித்தார். துருக்கி கேட்டும் அவரை அமெரிக்கா ஒப்படைக்கவில்லை.

இந்தக் கசப்பின் நடுவே, 2017-ல் ரஷ்யாவிடம் எஸ்-400 வான் பாதுகாப்பு அமைப்பை வாங்கத் துருக்கி ஒப்பந்தம் போட்டது. 2019 ஜூலையில் முதல் பாகங்கள் வந்திறங்கிய சில நாட்களிலேயே எஃப்-35 போர் விமானத் திட்டத்திலிருந்து துருக்கியை அமெரிக்கா நீக்கியது. துருக்கி அந்த விமானத்துக்கு உதிரிபாகம் தயாரித்த கூட்டாளியும்கூட. 2020 டிசம்பரில், ரஷ்யாவிடம் ஆயுதம் வாங்குவோரைத் தண்டிக்கும் காட்சா சட்டத்தின் கீழ் தடையும் வந்தது. அதே எஸ்-400-ஐ வாங்கிய இந்தியா மீது அந்தத் தடை பாயவில்லை. முரண்படுவதற்கான விலை, கூட்டணிக்கு உள்ளே இருப்பவருக்கே அதிகம்.

விலகாதது ஏன்?

2015 நவம்பரில் ரஷ்யப் போர் விமானம் ஒன்றைத் துருக்கி சுட்டு வீழ்த்தியது. அன்றே அது நேட்டோ கூட்டத்தைக் கூட்டச் சொன்னது. ரஷ்யாவோடு உரசல் முற்றினால் பின்னால் நிற்க யார் இருக்கிறார்கள் என்பது அங்காராவுக்கு நன்றாகவே தெரியும். துருக்கியில் தன் படை பயன்படுத்தும் இன்செர்லிக் விமானத் தளத்தையும், கருங்கடல் வாசலையும் இழக்க அமெரிக்காவும் தயாரில்லை.

உக்ரைன் போரில் துருக்கி எடுத்த நிலையைப் பாருங்கள். உக்ரைனுக்கு டிரோன் கொடுத்தது; நீரிணைகளின் கட்டுப்பாட்டைத் தனக்குத் தந்த 1936 மான்ட்ரோ உடன்படிக்கையைப் பயன்படுத்திப் போர்க்கப்பல்களுக்கு நீரிணைகளை மூடியது; தானிய ஏற்றுமதிக்கு சமரசம் பேசியது. ஆனால், ரஷ்யா மீதான மேற்கத்தியப் பொருளாதாரத் தடைகளில் சேரவில்லை. ரஷ்ய எரிவாயுவும், அக்குயூவில் ரஷ்யா கட்டும் அணுமின் நிலையமும் அதற்கு வேண்டும்.

இதையெல்லாம் கொள்கைப் பிடிப்பு என்று மட்டும் பார்க்க வேண்டியதில்லை. அமெரிக்காவை எதிர்த்துப் பேசினால் உள்ளூரில் கைதட்டல் கிடைக்கும் என்பதை துருக்கி அதிபர் எர்டோகன் நன்கு அறிவார். பேரமும் உண்டு: ஸ்வீடன் நேட்டோவில் சேர்வதை மாதக்கணக்கில் இழுத்தடித்த துருக்கி, 2024 ஜனவரியில் ஒப்புதல் தந்தது. அதே வாரத்தில் துருக்கிக்கு எஃப்-16 விமானங்களை விற்க அமெரிக்க அரசு பச்சைக்கொடி காட்டியது.

கூட்டணி ஒப்பந்தம் எதிரி தாக்கினால் காப்பதற்குத்தான் பொறுப்பேற்கிறது. உறுப்பு நாட்டின் எல்லையையும் தேர்தலையும் அது மாற்றிவிடாது. ‘நட்பு நாடு முரண்டு பிடிக்கிறது’ என்ற செய்தியை அடுத்த முறை படிக்கும்போது, முதலில் வரைபடத்தை எடுத்து அதன் அண்டை நாடுகளைப் பாருங்கள். பாதி விடை அதிலேயே இருக்கும்.