ஃபைல் யார் கையில்?

2012-ல் மொசில்லா அமைப்பு 'திம்பிள்' என்று ஒரு கருவியை இணையத்தில் வைத்தது. திரை இரண்டு பாதி. இடப்பக்கம் மாணவர் ஹெச்.டி.எம்.எல். எழுதுவார், வலப்பக்கம் அது வலைப்பக்கமாகத் தெரியும். எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், பணம் கட்ட வேண்டாம். அட்மின் பாஸ்வேர்டு கையில் இல்லாமல் கம்ப்யூட்டர் லேபில் தவிக்கும் ஆசிரியர்களுக்கு அது வரப்பிரசாதம். 2019 டிசம்பரில் திம்பிளை மூடினார்கள். செய்து வைத்ததை 'கிளிட்ச்' தளத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று வழி சொன்னார்கள். 2025 ஜூலையில் அந்த கிளிட்சும் பக்கங்களை வைத்து நடத்தும் வேலையை நிறுத்திவிட்டது. இது புதுக்கதையும் அல்ல. தொண்ணூறுகளில் எத்தனையோ பேர் தங்கள் முதல் வலைப்பக்கத்தைக் கட்டிய ஜியோசிட்டீஸை 2009 அக்டோபரில் யாஹூ மூடியபோது, இன்டர்நெட் ஆர்கைவும் சில ஆர்வலர்களும் அவசர அவசரமாக அள்ளி வைத்ததுதான் மிச்சம்.

வெப் டிசைன் கற்க எந்தத் தளம் நல்லது, எந்தக் கருவி நல்லது என்று தேடினால் நீள நீளமாகப் பட்டியல்கள் வரும். பட்டியலுக்குள் போகும் முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: அந்தத் தளம் நாளைக்கு இல்லாமல் போனால், மாணவி எழுதியது அவள் கையில் இருக்குமா?

இருக்கச் செய்வது கஷ்டமே இல்லை. வலைப்பக்கம் என்பது அடிப்படையில் வெறும் எழுத்து ஃபைல். 1991-ல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ உலகத்துக்குத் திறந்துவிட்ட வலையில் பக்கங்கள் எப்படி எழுதப்பட்டனவோ, அதே முறையில் எழுதிய பக்கத்தை இன்றைய பிரவுசரும் திறந்து காட்டும். நோட்பேடில் பத்து வரி அடித்து, பெயரின் கடைசியில் டாட் ஹெச்.டி.எம்.எல். என்று போட்டுச் சேமித்து, டபுள் கிளிக் செய்தால் முடிந்தது. நெட் கூட வேண்டாம். முதல் நாள் வகுப்பில் பாதிப் பேருக்குப் பக்கம் திறக்காது என்பது வேறு விஷயம். விண்டோஸ் ஃபைல் பெயரின் வாலை மறைத்து வைத்திருப்பதால், நோட்பேட் சத்தமில்லாமல் பின்னால் ஒரு டி.எக்ஸ்.டி.யை ஒட்டியிருக்கும். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகு படம் வராது. படம் டவுன்லோட்ஸில் கிடக்கும், பக்கம் டெஸ்க்டாப்பில் இருக்கும். ஃபோனிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு ஃபோல்டர் என்ற சங்கதியே புதிது. இரண்டு பாதித் திரைக் கருவிகள் இந்தத் தொல்லைகளை எல்லாம் மறைத்துவிடுகின்றன. முதல் வாரம் அது உதவி. முதல் மாதம் முடிந்தும் மறைத்தே வைத்திருந்தால், மாணவருக்குத் தளம் எங்கே இருக்கிறது என்பதே தெரியாமல் போகும்.

ஆரம்பகால பிரவுசர்களிலிருந்தே ஒரு வசதி இருந்து வந்தது: 'வியூ சோர்ஸ்'. எந்தப் பக்கம் பிடித்திருக்கிறதோ அதன் உள்ளே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அப்படியே பார்க்கலாம். முதல் தலைமுறை வெப் டிசைனர்களில் பலருக்கு வாத்தியார் அதுதான். இன்றைக்கு ஒரு செய்தித் தளத்தில் அதைத் திறந்தால், இயந்திரம் நெருக்கி எழுதிய வரிகள் ஆயிரக்கணக்கில் வந்து விழும். மனிதர் படிப்பதற்காக எழுதியவை அல்ல. தமிழில் கற்க நினைத்தவர்களுக்கோ இந்தக் கதவு அன்றைக்கே பாதி மூடித்தான் கிடந்தது. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ்த் தளங்கள் டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியாக்கத்தில் ஓடின. சோர்ஸைத் திறந்தால் தமிழ் இருக்காது, ஐரோப்பிய எழுத்துகளின் குப்பைதான் இருக்கும். ஃபான்ட் இல்லையென்றால் பக்கமே அந்தக் குப்பைதான்.

வியூ சோர்ஸ் விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டது இன்ஸ்பெக்டர். 2006 ஜனவரியில் ஜோ ஹியூவிட் ஃபயர்பாக்ஸுக்காக 'ஃபயர்பக்' என்ற துணைக்கருவியை வெளியிட்டார். இன்று எந்த பிரவுசரிலும் வலது கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' என்று திறக்கும் பலகைக்கு வழிகாட்டி அதுதான். பக்கத்தின் ஒரு பத்தியைத் தொட்டால் அதைச் சுற்றியுள்ள உள்வெளி, எல்லை, புறவெளி மூன்றும் தனித்தனி நிறத்தில் தெரியும். பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சி.எஸ்.எஸ். வரிக்கு முன்னாலுள்ள டிக் குறியை எடுத்தால் அந்த வரி செத்துவிடும். திரும்பப் போட்டால் உயிர் வரும். புத்தகத்தில் ஓர் அத்தியாயம் முழுக்க விளக்குவதை இந்த ஒரு டிக் விளக்கிவிடும். எதைக் கெடுத்தாலும் ரீலோட் செய்தால் பழையபடி ஆகிவிடும் என்பதால் பயமும் இல்லை.

வகுப்பில் பிரபல செய்தித் தளம் ஒன்றைத் திறந்து, இன்ஸ்பெக்டரில் அதன் தலைப்புச் செய்தியை மாற்றி, தன் பெயரைப் போட்டுக்கொள்ளச் சொன்னால் ஐந்தே நிமிடத்தில் அறை களைகட்டிவிடும். மொசில்லாவே முன்பு 'எக்ஸ்ரே காகிள்ஸ்' என்ற பெயரில் இதைச் சிறுவர்களுக்கு விளையாட்டாகத் தந்தது. கூடவே இன்னொன்றும் படிந்துவிடும்: வாட்ஸ்அப்பில் வரும் 'செய்தித் தள ஸ்கிரீன்ஷாட்' எத்தனை விநாடியில் தயாராகும் என்று. வெப் டிசைன் பாடத்திட்டம் போடுகிறவர்கள் இதை ஏன் எழுதி வைப்பதில்லை என்பது எனக்கு இன்னும் விளங்காத விஷயம்.

ஆனால் இருப்பதைத் திருத்துவது வேறு, வடிவமைப்பது வேறு. வடிவமைப்பைச் சொல்லித்தர இணையத்தில் எழுந்ததிலேயே மிகச் சிறந்த யோசனை எது என்று கேட்டால், இருபது வருடத்துக்கு மேல் பழையதான ஒன்றைத்தான் சொல்வேன்.

சி.எஸ்.எஸ். 1996 டிசம்பரிலேயே தரமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. பிரவுசர்கள் அதை ஒழுங்காக மதிக்கப் பல வருடம் ஆயிற்று. அதுவரை டிசைனர்கள் அட்டவணைகளைப் போட்டு, அட்டவணைக்குள் அட்டவணை போட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு பிக்ஸல் படங்களை முட்டுக்கொடுத்துப் பக்கத்தை நிறுத்தினார்கள். சி.எஸ்.எஸ்.ஸில் கட்டினால் பக்கம் பெட்டி பெட்டியாக, உப்புச்சப்பில்லாமல் இருக்கும் என்பது அன்றைய பேச்சு. கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த டேவ் ஷே இதற்குக் கட்டுரை எழுதிப் பதில் சொல்லவில்லை. 2003 மே மாதம் 'சி.எஸ்.எஸ். ஜென் கார்டன்' என்ற பக்கத்தை வைத்தார். விதி ஒன்றுதான்: எல்லோருக்கும் ஒரே ஹெச்.டி.எம்.எல். ஃபைல், அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றக்கூடாது. சி.எஸ்.எஸ்.ஸையும் படங்களையும் மட்டும் உங்கள் இஷ்டத்துக்குச் செய்து அனுப்புங்கள்.

அனுப்பினார்கள். அதே வாசகம் ஒருவர் கையில் கடலடியாயிற்று. இன்னொருவர் கையில் ரோபோ நிற்கும் பக்கமாயிற்று. தளத்தின் அதிகாரபூர்வத் தொகுப்பில் இருநூறுக்கு மேல் சேர்ந்தன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் பார்க்கிறவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்காது: சொல்வது ஒரு அடுக்கு, தோற்றம் வேறு அடுக்கு, இரண்டையும் பிரித்து வைத்தால் ஒன்றைத் தொடாமல் மற்றதை மாற்றலாம். இரண்டு ஃபைலையும் இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்பதால் தளம் போனாலும் பாடம் போகாது. தளம் போகவும் இல்லை.

இன்றைக்கு அதை அப்படியே வகுப்பில் காட்டினால் சரிவராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய வடிவங்களில் பல, கம்ப்யூட்டர் திரைக்காக நிலையான அகலத்தில் வெட்டியவை, ஃபோனில் பிதுங்கும். திரைக்கேற்ப வளைந்துகொடுக்கும் வடிவமைப்பு என்று ஈதன் மார்காட் எழுதியதே 2010 மே மாதத்தில்தான். அலங்காரம் தொங்கவிடுவதற்கென்றே ஜென் கார்டனின் ஹெச்.டி.எம்.எல்.லில் சில காலிப் பெட்டிகளும் இருந்தன. பெட்டிகளை அடுக்க சி.எஸ்.எஸ்.ஸிலேயே ஃப்ளெக்ஸ்பாக்ஸும், 2017-ல் பிரவுசர்களுக்கு வந்த கிரிட்டும் உள்ள காலத்தில் அவை தேவையில்லை. ஆகவே வடிவங்களை விட்டுவிட்டு விதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஊர்த் திருவிழா அழைப்பிதழின் வாசகத்தை ஒரே ஹெச்.டி.எம்.எல்.லாக ஆசிரியர் எழுதிக் கொடுக்கட்டும். முப்பது பேர், முப்பது சி.எஸ்.எஸ். ஃபைல். வாசகத்தில் கை வைத்தால் மதிப்பெண் கிடையாது. இதற்கு இணையக் கருவி எதுவுமே வேண்டாம். ஒரு பென் டிரைவ் போதும்.

சந்தேகம் வந்தால் எங்கே பார்ப்பது? பெரும்பாலோர் போகிற இடம் டபிள்யூ3ஸ்கூல்ஸ். 1998-ல் நார்வேயில் தொடங்கிய தனியார் தளம் அது. பெயரைப் பார்த்து, வலையின் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பள்ளி என்று நம்பியவர்கள் ஏராளம், இரண்டுக்கும் சம்பந்தமில்லை. அதில் பிழை மலிந்திருக்கிறது என்று 2011-ல் சில டெவலப்பர்கள் தனித்தளமே வைத்துச் சண்டை போட்டார்கள். அதன் பிறகு நிறையத் திருந்தியிருக்கிறது. ஒவ்வொரு உதாரணத்துக்கும் 'நீங்களே செய்து பாருங்கள்' பொத்தான் வைத்தது அதன் பலம். ஆரம்பக்காரருக்கு அது போதும்.

இரண்டாவது மாதத்திலிருந்து எம்.டி.என். பக்கம் நகர்ந்துவிடுவது நல்லது. 2005-ல் மொசில்லா தொடங்கிய ஆவணத் தொகுப்பு அது. 2017-லேயே கூகுளும் மைக்ரோசாஃப்டும் கைகோத்தன. 2020 ஆகஸ்ட்டில் மொசில்லா ஆட்குறைப்பு செய்தபோது அதை எழுதி வந்தவர்கள் பலர் வெளியேறினார்கள். அடுத்த ஜனவரியில் 'ஓப்பன் வெப் டாக்ஸ்' என்று ஒரு அமைப்பு உருவாகி, எழுத்தாளர்களுக்குச் சம்பளம் கொடுத்து வேலையைத் தொடர்ந்தது. கருவி சாவதற்கும் பிழைப்பதற்கும் என்ன வித்தியாசம் என்பதற்கு இது நல்ல உதாரணம். உள்ளடக்கம் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய உரிமத்தில் திறந்து கிடந்தது. அக்கறை உள்ளவர்கள் வந்து தாங்கிக்கொள்ள முடிந்தது.

சி.எஸ்.எஸ். கற்றுத்தரும் விளையாட்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 'ஃப்ளெக்ஸ்பாக்ஸ் ஃப்ராகி'யில் தவளைகளைத் தாமரை இலையில் உட்கார வைக்க 24 கட்டம். அதே தாமஸ் பார்க் செய்த 'கிரிட் கார்டன்'னில் கேரட்டுக்குத் தண்ணீர் பாய்ச்ச 28 கட்டம். ஒரு மதியத்தில் முடியும், மறக்காது. அதோடு சரி, தவளை நகர்ந்துவிட்டதென்று வடிவமைப்பு வந்துவிட்டதாக நினைக்கக்கூடாது. முழுப் படிப்பாக வேண்டும் என்பவர்களுக்கு 2014-ல் தொடங்கிய ஃப்ரீகோட்கேம்ப் முழுக்க இலவசம். ஆனால் என் ஓட்டு இன்னொரு இலவசப் படிப்பான ஓடின் ப்ராஜெக்டுக்கு. மற்றவர்கள் தங்கள் திரைக்குள்ளேயே எழுத வைக்கும்போது, அது ஆரம்பத்திலேயே எடிட்டரையும், ஃபைலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டையும் உங்கள் கம்ப்யூட்டரில் போட வைக்கிறது. அந்த இடத்திலேயே சிலர் ஓடிவிடுவார்கள். தாண்டியவரின் ஃபைல்கள் அவரிடமே இருக்கும். ஏ.ஐ.யிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் முழுப் பக்கம் வந்துவிடுகிறதே என்றால், வரட்டும். அதை வாங்கி இன்ஸ்பெக்டரில் திறந்து, ஒவ்வொரு வரியின் டிக்கையும் எடுத்து எது எதற்கென்று சொல்லத் தெரிந்தவருக்கு அதனால் லாபம்தான்.

வடிவமைப்பில் கண்ணை நம்ப முடியாத இடம் நிறம். வெள்ளையில் வெளிர் சாம்பல் எழுத்து டிசைனரின் புது லேப்டாப்பில் நாகரிகமாகத் தெரியும்; வெயிலில் நின்று பழைய ஃபோனில் பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது வலை அணுகல் வழிகாட்டி. இன்ஸ்பெக்டரே அந்த எண்ணைக் காட்டும். அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான வெப்எய்ம் அமைப்பின் 'வேவ்' கருவியில் எந்தப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தாலும் குறைகளைச் சிவப்பில் குத்திக் காட்டும். அதே அமைப்பு பத்து லட்சம் தளங்களின் முகப்பை வருடந்தோறும் சோதிக்கிறது. 2019-ல் 97.8 சதவீதத்தில் ஏதாவது பிழை இருந்தது, 2025-ல் 94.8 சதவீதம். முதலிடத்தில் நிற்கும் பிழை, மங்கிய எழுத்துதான். மாணவர்கள் தங்கள் பக்கத்தை விட்டுவிட்டுப் பெரிய பெரிய தளங்களின் முகவரியைப் போட்டுப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். தடுக்க வேண்டாம்.

இந்தக் கருவிகள் எல்லாம் ஆங்கில எழுத்தை மனதில் வைத்துப் பிறந்தவை. மாதிரிக்கு நிரப்புகிற பொம்மை வாசகமும் லத்தீன். அதை எடுத்துவிட்டு ஒரு தமிழ்ச் செய்தியை ஊற்றினால்தான் வடிவமைப்பு உண்மையில் நிற்கிறதா என்று தெரியும். பொத்தான்கள் முதலில் உடையும். 'பதிவேற்றிக்கொண்டிருக்கிறது' என்பது ஒரே சொல், மடங்க இடமில்லை. வரி இடைவெளி ஆங்கிலத்துக்கு அளந்தபடி இருந்தால் மேல் வரியின் 'ழு'வும் கீழ் வரியின் 'கீ'யும் முட்டிக்கொள்ளும். சாய்வெழுத்துக் கட்டளை கொடுத்தால், தமிழ் ஃபான்டில் சாய்வு இல்லாதபோது பிரவுசர் நேரெழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்த்து வைக்கும், பார்க்கச் சகிக்காது. பக்கத்தின் மொழி தமிழ் என்று ஹெச்.டி.எம்.எல்.லின் தொடக்கத்தில் அறிவிக்காவிட்டால், பார்வையற்றவரின் திரைவாசிப்பான் தமிழை எந்தக் குரலில் படிப்பதென்று தெரியாமல் திணறும்.

ஃபான்ட்டுக்குப் பஞ்சமில்லை. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கேட்டமரன், எக் டைப்பின் முக்த மலர், பாலு தம்பி, ஹிந்த் மதுரை, நோட்டோ வரிசை என்று கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகவே இருக்கின்றன. ஃபைலாக இறக்கித் தளத்தோடு வைத்துக்கொள்ளவும் உரிமம் இடம் கொடுக்கிறது. பாடமே தமிழில் வேண்டும் என்பவர்களுக்குக் கணியம் குழுவினர் 'எளிய தமிழில்' என்ற வரிசையில் ஹெச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். நூல்களை இலவச மின்னூல்களாகத் தந்திருக்கிறார்கள்.

பாடநூலில் இல்லாத கேள்விகளும் இருக்கின்றன. பத்தியின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் சி.எஸ்.எஸ். கட்டளையை 'க்ஷ'வில் தொடங்கும் சொல்லுக்குக் கொடுத்தால் அது ஒன்றாக நிற்கிறதா, பிரிகிறதா? குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் ஒரே மாதிரியா? தமிழுக்கு வலைத் தொழில்நுட்பம் எங்கெங்கே போதவில்லை என்று டபிள்யூ3சி ஓர் ஆவணத்தைத் திறந்தே வைத்திருக்கிறது. கிட்ஹப் தளத்தில் கணக்கு உள்ள எவரும் அதற்குக் குறை எழுதி அனுப்பலாம். ஆங்கில எழுத்து மட்டும் தெரிந்தவரால் அந்தக் குறையைப் பார்க்கவே முடியாது. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தன் பக்கத்தில் பார்த்ததை, எந்த பிரவுசர், எந்த ஃபான்ட் என்ற விவரத்தோடு, இரண்டு ஸ்கிரீன்ஷாட் சேர்த்து அனுப்பினால் அதைப் படிக்க ஆள் இருக்கிறார்கள்.