முழங்காலில் ஒட்டிய நீல நாடா



சென்ற இதழில் நமது பிசியோதெரபி பிரிவின் புகைப்படம் ஒன்று வெளிவந்தது. அதில் ஒரு வாலிபனின் முழங்காலில் நீல நிறப் பட்டைகள் ஒட்டியிருந்ததைக் கண்டு பலர் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். "அது என்ன மருந்துப் பட்டையா? எங்கள் சபையில் காணிக்கை சேர்த்து ஒரு பெட்டி வாங்கி அனுப்பலாமா?" என்று ஒரு சகோதரி அன்போடு விசாரித்திருந்தார்கள். நான் வைத்தியன் அல்ல. பிசியோதெரபி அறையின் பெஞ்சில் நோயாளிகளோடு உட்கார்ந்து கேட்டறிந்ததையே எழுதுகிறேன்.

முழங்கால் மூட்டின் நடுவில் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இணைக்கும் இரண்டு தசைநார்கள் ஒன்றையொன்று குறுக்கே கடந்து செல்கின்றன. சிலுவை போல அமைந்திருப்பதால் மருத்துவத்தில் அவற்றுக்குச் சிலுவையை வைத்தே பெயர். நம் ஜனங்கள் 'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்று சொல்லுவது பெரும்பாலும் இவற்றில் முன்னால் உள்ளதைத்தான். ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் நீளமே உள்ள இந்த நார், கீழ்க்கால் எலும்பு முன்பக்கம் நழுவாமல் பிடித்துக்கொள்ளுகிறது. கபடி ஆடுகிறவன் பாதத்தை ஊன்றியபடி சடக்கென்று உடம்பைத் திருப்பும்போது அது அறுந்துபோகும்.

அது வெறும் கயிறு அல்ல. அதற்குள் நுண்ணிய நரம்பு முனைகள் உண்டு. மூட்டு எவ்வளவு மடங்கியிருக்கிறது, எந்தப் பக்கம் இழுபடுகிறது என்ற செய்தியை அவை மூளைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. இருட்டிலும் நாம் படியிறங்குகிறோமே, அது இப்படிப்பட்ட செய்திகளால்தான். நார் அறுந்தால் கயிறும் போகிறது, செய்தியும் போகிறது. அறுவை சிகிச்சையில் நோயாளியின் தொடைப் பின்புறத்திலிருந்தோ முழங்கால் சிப்பிக்குக் கீழிருந்தோ ஒரு தசைநாணை எடுத்து, எலும்பில் துளையிட்டுப் பொருத்துகிறார்கள். கயிறு திரும்பக் கிடைத்துவிடுகிறது. செய்தியோ அன்றைக்கே திரும்புவதில்லை. போதாக்குறைக்கு, மூட்டில் கொஞ்சம் நீர் கோத்திருந்தாலே முன்தொடைத் தசை சோர்ந்து வேலைநிறுத்தம் செய்துவிடும்.

இப்பொழுது அந்த நாடாவுக்கு வருகிறேன். ஜப்பான் தேசத்தைச் சேர்ந்த கென்சோ காசே என்பவர் 1970-களில் உருவாக்கிய முறை இது. 2008-ல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வீரர்களின் தோள்களில் இதைக் கண்ட பிறகுதான் உலகமெங்கும் பரவியது. பருத்தித் துணியில் இழுபடும் தன்மை சேர்த்து, பின்புறம் பசை தடவியிருக்கும். காயம் நன்றாக ஆறிய பிறகே ஒட்டுவார்கள். ரோமத்தை மழித்து, நாடாவின் மூலைகளை வட்டமாக வெட்டி, ஒட்டியபின் கையால் தேய்த்துச் சூடேற்றினால் மூன்று முதல் ஐந்து நாள் வரை நிற்கும். அரித்தால் உடனே எடுத்துவிட வேண்டும். எண்ணெய் தடவி மெதுவாக உரிப்பது நல்லது.

காலை மடக்கும்போது நாடா தோலை இழுக்கிறது. தோலிலுள்ள நரம்புகள் விழித்துக்கொண்டு, மூட்டு பேசாததைக் கொஞ்சம் பேசும் என்பது இதன் பின்னாலிருக்கும் எண்ணம். சிலருக்கு வலியும் வீக்கமும் சற்றுக் குறைந்ததாகத் தெரிகிறது. ஆனால், உண்மையைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு நான் கணக்குக் கொடுத்தவனாக மாட்டேன். பல ஆய்வுகளில், இழுக்காமல் சும்மா ஒட்டிய நாடாவுக்கும் முறைப்படி ஒட்டியதற்கும் பெரிய வித்தியாசம் காணப்படவில்லை. புதிய நாரை அது தாங்கிப் பிடிக்காது.

இதை ஒரு தம்பியிடம் சொல்லித்தான் நான் தடுமாறினேன். கபடி ஆட்டக்காரன். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் என்று வீட்டார் நம்பியிருந்தார்கள். தகப்பனார் கரும்பு வெட்டுகிறவர். அறுவை சிகிச்சை முடிந்து ஐந்தாம் மாதம், மாவட்டத் தேர்வு வந்தது. வலி இல்லை, நடையில் குறை இல்லை. "ஐயா, டேப்பை மட்டும் இறுக்கமா ஒட்டித் தரச் சொல்லுங்க, ஒரு நாள் ஆடிட்டு வந்துடறேன்" என்று என்னிடம் வந்து நின்றான்.

பிசியோதெரபி அம்மா வாக்குவாதம் செய்யவில்லை. அவன் கேட்டபடியே நாடாவை ஒட்டிவிட்டு, அந்தக் காலில் மட்டும் நின்று கண்ணை மூடச் சொன்னார்கள். நான்கு எண்ணுவதற்குள் சாய்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டான். நல்ல காலில் முப்பது எண்ணும் வரை அசையாமல் நின்றவன்! கண்ணும், உட்காதும், கால்களிலிருந்து வரும் செய்தியும் சேர்ந்தே நம்மை நிமிர்ந்து நிற்கச் செய்கின்றன. அவன் இத்தனை நாளும் கண்ணையே ஊன்றுகோலாக வைத்து நடந்திருக்கிறான். களத்தில் எதிராளியைப் பார்ப்பானா, தன் காலைப் பார்ப்பானா?

பொருத்திய நாரும் முதல் மாதங்களில் பலவீனப்பட்டு, புதிய இரத்தக் குழாய்கள் வளர்ந்த பின்னரே மெல்லத் தேறுகிறது. வலி நீங்கியது நார் தேறியதற்கு அடையாளம் அல்ல. 2016-ல் நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கில், களத்துக்குத் திரும்புவதை ஒன்பதாம் மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் முழங்கால் மறுபடி காயப்படுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

தேர்வுக்கு அவன் போகவில்லை. அன்று மாலை தகப்பனார் சிற்றாலயத் திண்ணையில் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நானும் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வருஷம் தேர்வு நடக்குமா, அதற்குள் வயது வரம்பு தாண்டிவிடுமா என்பதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

ஆகவே அந்தச் சகோதரிக்கு என் பதில்: நாடா ஒரு பெட்டி வேண்டாம் அம்மா. 5 மீட்டர் சுருள்கள் சில அலமாரியில் இருக்கின்றன, அவை போதும். ஒற்றைக் காலில் நிற்பது, தடித்த நுரைப்பஞ்சுத் திண்டின்மேல் நிற்பது, அப்படி நின்றபடியே எறியும் பந்தைப் பிடிப்பது, பிறகு குதித்து முழங்காலை உள்ளே சாயவிடாமல் இறங்குவது. இவற்றை மாதக்கணக்கில் செய்ய வேண்டியிருக்கிறது. திண்டும் பந்தும் விலை குறைந்தவை. விலை அதிகமானது வருகிறவர்களின் பஸ் கட்டணமும், அன்றைக்கு இழக்கும் கூலியும். மூன்றாம் மாதத்தில் பலர் நின்றுபோவது சோம்பலால் அல்ல, இதனால்தான். வாரம் இருமுறை இரண்டு பஸ் மாறி வருகிறவர்களுக்குப் பயணச் செலவு கொடுக்க உங்கள் சபையின் காணிக்கையைப் பயன்படுத்த அனுமதிப்பீர்களானால் நலமாயிருக்கும்.

தம்பிக்கு இப்போது எட்டாம் மாதம். திண்டின்மேல் கண்ணை மூடி இருபது எண்ணும் வரை நிற்கிறான். இரண்டு தொடைகளின் பலத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை அடுத்த மாதம் நடைபெறும்.

மருத்துவமனைப் போதகர்