மருந்தடித்த கைகள்

சகோதரிகளே,

பால்மரக் காலத்தில் விடியுமுன்னே பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, புருஷனோடு நிரைக்கு ஓடினீர்கள். உளி பிடிப்பதில் ஆணென்ன, பெண்ணென்ன? பிறகு சுங்கை சிப்புட், ஈப்போ சுற்றுவட்டாரத்தில் பால்மரம் சாய்ந்து செம்பனை வந்தது. குலை வெட்டுவது ஆண்களுக்கு. உதிரிப்பழம் பொறுக்குவதும் மருந்தடிப்பதும் பெண்களுக்கு என்றாகிவிட்டது.

அந்த மருந்துகளில் பொல்லாதது பாராகுவாட். அதற்கு மாற்று மருந்தே கிடையாது. ஒரு மடக்கு உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. முள் கீறிய காயம் வழியாகவும் உடம்பில் ஏறும். நகம் கழன்றவர்கள், மூக்கில் இரத்தம் வடிந்தவர்கள் எத்தனை பேர்! கேட்டால், "பழகிப் போயிடும் அக்கா" என்பார்கள். 2002-இல் அரசாங்கம் தடை அறிவித்தது, 2006-இல் தளர்த்தியது, முழுத் தடை 2020 ஜனவரி 1-இல்தான் வந்தது. 18 ஆண்டு இழுபறி. சுமந்தது உங்கள் முதுகு.

தடை வந்துடுச்சே என்று அசந்துவிடாதீர்கள். வேறு களைக்கொல்லிகள் இருக்கின்றன. பம்பு ஒழுகினால் முதுகில் ஏற்றாதீர்கள். முகத்தில் கட்டிய துண்டு நனைந்தால் உடனே அவிழ்த்துவிடுங்கள். ஈரத்துணி மருந்தைத் தோலோடு ஒட்டவைக்கும். வேலை உடுப்பைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்துத் துவைக்கவே கூடாது. குளித்த பிறகுதான் குழந்தையைத் தூக்கணும். மயக்கம், வாந்தி என்றால் மருந்து டின்னின் லேபிளோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தோட்டத்தை விட்டு ஈப்போ அடுக்குமாடிக்குக் குடிபோன அக்காமார்களுக்கும் ஒரு வார்த்தை. இருமல், மூச்சிரைப்பு என்று கிளினிக்குக்குப் போனால், "இத்தனை வருஷம் மருந்தடிச்சேன்" என்று டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். அவராகக் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம்.