காவிரிக்கரைக் காடும் அதனையடுத்த குடியானவர்களும்

ஜூஜுவாடியிலிருந்து ஓசூர், தேன்கனிக்கோட்டை மார்க்கமாக அஞ்செட்டி நோக்கிச் செல்வோர், ஆலைகளைக் கடந்து இரண்டொரு மணி நேரத்திற்குள் கேழ்வரகு வயல்களையும், அவற்றையடுத்துப் பெருங்காட்டையும் காண்பர். இக்காட்டில் 504.33 சதுர கிலோமீட்டர் பரப்பு 2014-ஆம் ஆண்டில் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டில் காவிரி தெற்குச் சரணாலயமும் ஏற்பட்டது. ஆற்றின் அக்கரையில் கர்நாடகத்தின் காவிரிச் சரணாலயம் உள்ளது. இவ்வேற்பாட்டால் குடியானவர்களுக்கு ஏற்படும் கடமைகளும் அனுகூலங்களும் யாவை என்பது ஈண்டு விளக்கப்படும்.

வேட்டை: முற்காலத்தில் இக்காடுகளில் வேட்டையும் மீன்பிடிப்பும் 1882-ஆம் வருடத்துச் சென்னை வனச் சட்டத்தின் விதிகளுக்கு உட்பட்டு நடைபெற்றன. ஜவளகிரிப் புலி வேட்டையைக் கென்னத் ஆண்டர்சன் தமது 1954-ஆம் வருடத்து நூலில் வருணித்துள்ளார். 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இப்போது விளையாட்டு வேட்டைக்கு இடமில்லை.

மீன்: முதுகில் திமில் போன்ற மேடுடைய மஹசீர் என்னும் பெருங்கெண்டை காவிரிப் படுகையிலன்றி வேறெங்கும் இல்லை. 1946-இல் கபினி ஆற்றில் 120 ராத்தல் எடையுள்ள மீன் ஒன்று தூண்டிலில் அகப்பட்டது. பிற்காலத்தில் பீமேஸ்வரி முதலிய கர்நாடகக் கரை முகாம்களில், பிடித்த மீனை உயிருடன் ஆற்றில் விடும் முறை கையாளப்பட்டது. வெடிவைப்போரைத் தடுக்கக் காவலாட்களும் நியமிக்கப்பட்டனர். பின்னர் சரணாலயத்துள் தூண்டில் விளையாட்டும் நிறுத்தப்பட்டது. ஆயினும் வெடியும், மணலெடுப்பும், அணைகளும், வேற்று நதி மஹசீர்க் குஞ்சுகளை விட்டமையும் இம்மீனைக் குறைத்துவிட்டன. 2018-இல் இது மிக அருகிவிட்ட இனமாகச் சர்வதேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வெடியாலும் விஷத்தாலும் மீன் பிடிப்பதை 1897-ஆம் வருடத்துச் சட்டமே தடுத்துள்ளது. ஒரு வெடி பெரிய மீனை மட்டுமன்றி, முட்டையையும் குஞ்சுகளையும் அழித்து, வருங்கால மீன்வளத்தையே கெடுக்கும்.

தங்குதல்: சுற்றுலா, ஆராய்ச்சி, புகைப்படம் எடுத்தல் போன்ற காரியங்களுக்காகச் சரணாலயத்தில் நுழையவும் தங்கவும் அனுமதிச் சீட்டு அவசியம். ஆயுதம் கொண்டு செல்லுதலும், தீ மூட்டுதலும் குற்றமாகும்.

கிராம அலுவலர்கள் கவனிக்க: சரணாலயத்திலும் அதைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள்ளும் உள்ள கால்நடைகளுக்குத் தொற்றுநோய்த் தடுப்பூசி போடச் சட்டத்தில் வகையுண்டு. கோமாரி முதலிய நோய்கள் மந்தையிலிருந்து காட்டு மிருகங்களுக்கும் பரவக்கூடும். 10 கிலோமீட்டருக்குள் உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்போர் அதனைப் பதிவு செய்தல் வேண்டும்.

யானையும் கேழ்வரகும்: கதிர் முற்றும் பருவத்தில் யானைக் கூட்டங்கள் வயல்களுக்கு வருவது இப்பகுதியில் வழக்கம். இதனைக் குறைக்கச் செய்யத்தக்கவை:

1. அக்கம்பக்கத்தார் ஒரே காலத்தில் விதைத்து, ஒரே காலத்தில் அறுவடை செய்க. தனித்து நிற்கும் வயலே முதலில் அழியும்.

2. அறுத்த கதிரைக் காட்டோரத்தில் போராகக் குவித்து வைக்காது, விரைவில் களத்திற்குக் கொண்டு சென்று அடித்துச் சேமிக்க.

3. காட்டெல்லையை ஒட்டிய நிலத்தில் கரும்பும் வாழையும் பயிரிடாதிருத்தல் நலம்.

4. யானையைப் பட்டாசால் அடுத்த ஊருக்கு விரட்டற்க; கூட்டம் சிதறினால் அபாயம் அதிகம். வன இலாகாவுக்கு உடனே அறிவிக்க.

5. வேலியில் மின்கம்பியிலிருந்து நேராக மின்சாரம் பாய்ச்சுவது குற்றம். அது யானையை மட்டுமல்ல, இரவில் நீர் பாய்ச்சச் செல்லும் அயலானையும் கொல்லும்.

பயிர்ச்சேதம் நேர்ந்தால் அழிவின் அடையாளங்கள் மறையுமுன் கிராம நிர்வாக அலுவலருக்கும் வனச்சரகருக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, நில ஆவணத்துடன் நஷ்டஈடு கோருக. தாமதித்த மனுவுக்குச் சான்று கிடைப்பது அரிது.